எக்கோ ஃபுல்

ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும். நிறுத்துவேன். மோட்டார் போட்டுவிட்டுப் பல் தேய்ப்பேன். மாடித் தொட்டி நிரம்பப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் பால் காய்ந்துவிடும். ஒரு டம்ளர் காபி. குக்கரில் முக்கால் டம்ளர் அரிசி, மூன்று விசில். முதல் நாள் குழம்பு இருந்தால் சுடவைப்பேன். இல்லாவிட்டால் தயிர், ஊறுகாய். டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு ஆறே முக்காலுக்குக் கதவைப் பூட்டுவேன். வில்லியனூர் பைபாஸ் முனைக்கு ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வரும். இடது பக்கம், நான்காவது வரிசை, ஜன்னல் ஓரம். திருபுவனை போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம்.

அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவருடைய போனில் அது வந்துவிடும்.

முதலில் மைக் கீச்சிடும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், திருவிழாவில் அறிவிப்பு செய்வது போல நீட்டி நிறுத்தி: "வில்லியனூரைச் சேர்ந்த கலைவேந்தன்... வில்லியனூரைச் சேர்ந்த கலைவேந்தன்... எங்கிருந்தாலும் உடனடியாக வீட்டுக்கு வரவும். உங்கள் மனைவி உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்." ஒவ்வொரு சொல்லும் நான்கைந்து முறை திரும்பி வரும். பிறகு ஒரு சிரிப்பு. சிரிப்பு தேய்வதற்குள் டிரம், அதன் மேல் கிட்டார். மொத்தம் இரண்டு நிமிடம் பதினோரு வினாடி. வேறு வார்த்தை கிடையாது.

கலைவேந்தன் நான்தான். கிட்டார் வாசித்திருப்பதும் நான். குரல் என் மனைவி இளவரசியுடையது. போன நவம்பரில் டெங்குவில் இறந்துபோனாள். இது ஆகஸ்ட்.

பஸ்ஸில் இருப்பவர்களுக்கு ஆரம்பத்தில் இது தெரியாது. என் பக்கத்தில் உட்கார்ந்தே நாலு தடவை போட்டுக் கேட்டிருக்கிறார்கள். பிறகு தெரிந்துவிட்டது. இப்போது அது வந்தவுடன் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். முன்பே பரவாயில்லை.

போன வாரம் வியாழக்கிழமை, பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, படிச்சேண்ணா. என்னால முடியலண்ணா. கடைசி மூச்சுலகூட உங்களத்தான் கூப்புட்டுனு இருந்துகீறாங்க."

எதைப் படித்தாள் என்று புரியவில்லை. கேட்டேன். போனைக் காட்டினாள்.

பாட்டின் கதை என்று போட்டிருந்தது. சென்னையில் ஒரு மியூசிக் கம்பெனி எங்கள் பாட்டை எடுத்து வெளியிட்டிருக்கிறது. அவர்களுடைய பக்கம் அது. "ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து மனைவி அனுப்பிய கடைசிக் குரல் பதிவு. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கணவர் அந்தக் குரலைத் தன் கிட்டாருக்கு முன்னால் வைத்தார். இன்று உலகம் முழுவதும் அலைகளின் மேல் அது ஒலிக்கிறது." கடலைப் பார்த்தபடி ஒருவன் முதுகைக் காட்டி நிற்கும் படம். அது நான் இல்லை.

கம்பெனிக்குப் போய் இடைவேளையில் இன்னும் இரண்டு முறை படித்தேன். எழுத்துப்பிழை இல்லை. நடந்ததும் இல்லை.

நடந்தது இது.

நானும் ஷேக் ஃபரீதும் விஜயராஜும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். எனக்கு எம்.எஸ்சி. இயற்பியல். படிப்பு முடிந்து நான் திருபுவனையில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் போனேன். ஃபரீத் வில்லியனூரில் அவன் அப்பா சிராஜுதீன் நடத்தும் சவுண்ட் சர்வீஸுக்குப் போனான். விஜயராஜ் காட்டேரிக்குப்பத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டான். சனி ஞாயிறுகளில் கோயில் திருவிழாக்களில் வாசிப்போம். எனக்குக் கிட்டார், ஃபரீதுக்கு டிரம், விஜயராஜுக்குக் கீபோர்டு. பாடுபவர்களை வெளியிலிருந்து கூப்பிட்டுக்கொள்வோம்.

போன வருஷம் மார்ச் மாதம் பிள்ளைச்சாவடியிலிருந்து ஒருவர் வந்தார். மீனவர் வீட்டுப் பிள்ளை. கடல் அலையில் பலகை வைத்துச் சறுக்கும் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைச்சாவடியில் கடல் ஊரைத் தின்று, தடுக்கக் கொட்டிய கல்லையும் பாதி தின்றுவிட்டது. மிச்சம் இருக்கும் மணலில் ஒரு போட்டி வைக்கப்போவதாகச் சொன்னார்.

"சினிமா பாட்டு வேணாம்ணா. பாடறவங்களே வேணாம். கிட்டார் மட்டும். அலை சுருட்டினு வந்து ஒடையும் பாருங்க, அந்த வேகத்துல."

போனில் சிலதைப் போட்டுக் காட்டினார். அறுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் கடலோரப் பையன்கள் வாசித்தவை. சர்ஃப் ராக் என்று பெயர். ஒரே கம்பியில் மேலும் கீழும் வெட்டிக்கொண்டே போகிறார்கள். கிணற்றுக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல எல்லாம் எதிரொலிக்கிறது. இடையில் யாராவது கத்துகிறார்கள், சிரிக்கிறார்கள். அத்துடன் சரி.

கேட்டுவிட்டு ஃபரீத் சொன்னான், "இன்னாடா இது, எங்க அத்தா மைக் செட் மாதிரியே கீது."

சரியாகத்தான் சொன்னான். சிராஜுதீனின் மிக்சரில் எக்கோ திருகு முழுசாக வலப்பக்கம் திருப்பி எம்-சீல் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். யாராலும் குறைக்க முடியாது. பத்து வருஷத்துக்கு முன் ஒரு ஆடித் திருவிழாவில் புதிதாக வந்த ஆபரேட்டர் ஒருவன், பேச்சு தெளிவாகக் கேட்கட்டும் என்று எக்கோவைக் குறைத்துவிட்டான். விழாக்குழுத் தலைவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மைக்கைத் தட்டிப் பார்த்தார். "இன்னா பாய், வூட்ல ஒக்காந்து பேசற மாதிரி கீது, செட்டு போட்டியா இல்லியா?" என்று கூட்டத்தின் நடுவில் கேட்டார். மறுநாள் காலை சிராஜுதீன் எம்-சீல் வாங்கிவந்தார். எங்கள் பக்கத்தில் எக்கோ இல்லாவிட்டால் அது மைக் இல்லை. கல்யாணம், சாவு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. முழுசு.

சவுண்ட் சர்வீஸ் குடோனில்தான் ஒத்திகை. குழாய் ஸ்பீக்கர்கள், சுருட்டிய வயர், சீரியல் பல்பு மாட்டிய சாமி படச் சட்டங்கள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மிக்சரிலிருந்து வயர் எடுத்து லேப்டாப்பில் செருகினான் ஃபரீத். மெட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மன் கோயிலில் சாமி அழைக்கும்போது பம்பைக்காரர் அடியை இறுக்கிக்கொண்டே போவாரே, அந்த அடி. அதை டிரம்மில் அடித்தான். நான் ஒரு கம்பியில் பின்னாலேயே ஓடினேன். எழுதிய நேரம் இருபது நிமிடம் இருக்கும். விஜயராஜ் டீ வாங்கப் போயிருந்தான். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்காகக் காத்திருந்தோம்.

அப்போது இளவரசி ஸ்கூட்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். பெரிய கடைத்தெருவில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்ட் அவள். சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிக்கு வீட்டுக்குச் சாப்பிட வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். மணி மூன்று.

அவள் மேசைமேல் இருந்த மைக்கை எடுத்தாள். தட்டினாள். "ஊஃப்" என்று ஊதினாள். அது கீச்சிட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த அறிவிப்பைச் செய்தாள். ஸ்பீக்கர் வெளியே ரோட்டைப் பார்த்து இருந்தது. தன் குரல் தெருக்கோடி வரை போய் மோதித் திரும்பி வந்ததைக் கேட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் பாட்டில் இருக்கிறது. சிரித்து முடித்து, "சோறு ஆறுது, வரியா இல்லியா?" என்று கேட்டாள். அதை ஃபரீத் பிறகு வெட்டிவிட்டான்.

நான் போகவில்லை. விஜயராஜ் வந்துவிட்டான். ஒரு தடவை வாசித்துவிட்டு வருகிறேன் என்றேன். அவள் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து டீயைக் குடித்தாள். ஒரே தடவைதான் வாசித்தோம். அதுதான் பாட்டு. கோப்புக்கு ஃபரீத் "எக்கோ ஃபுல்" என்று பெயர் போட்டான். அதுதான் இன்றைக்கும் பெயர்.

பிள்ளைச்சாவடியில் வாசித்தோம். இருநூறு பேர் இருந்தார்கள். இளவரசியும் வந்திருந்தாள், மணல் சுடுகிறது என்று பாதியில் வேனுக்குப் போய்விட்டாள். சர்ஃபிங் சொல்லிக்கொடுப்பவர் எங்கள் பதிவைத் தன் வீடியோவில் சேர்த்துப் போட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. நவம்பர் வந்தது, போனது. ஜனவரியில் பிரேசிலில் யாரோ ஒருவர் தன் பலகைச் சறுக்கல் வீடியோவுக்குப் பின்னால் அதைப் போட்டுக்கொண்டார். பிறகு எல்லாரும் போட்டுக்கொண்டார்கள். சைக்கிளிலிருந்து விழுபவர்கள், பூனைகள், தோசை சுடுகிறவர்கள்.

கதை இவ்வளவுதான்.

சனிக்கிழமை வேலை முடிந்து நேராகக் குடோனுக்குப் போனேன். ஃபரீத் வயர் சுற்றிக்கொண்டிருந்தான். சிராஜுதீன் பின்னால் உட்கார்ந்து ஒரு குழாய் ஸ்பீக்கருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"படிச்சியா மச்சி?" என்றான் ஃபரீத்.

"படிச்சேன். அரசி ஆஸ்பத்திரியிலேருந்து எதுவும் அனுப்பலியே."

"தெரியும்டா."

"அப்புறம் யார் சொன்னது?"

வயரைக் கீழே வைத்தான். "அந்த மியூசிக் கம்பெனிப் பொண்ணு நிவேதா போன் பண்ணிச்சி. உனக்குப் பண்ணா நீ எடுக்கலியாம். இது அவங்க கடைசியா பேசினதான்னு கேட்டுச்சி. ஆமான்னேன்."

"ஏன்?"

"இன்னாடா ஏன்? அப்டியே ஒரு ஃப்ளோல வந்துடுச்சி. அந்தப் பொண்ணு அந்தாண்ட அழுவுது. அழுவுற பொண்ணுகிட்ட இல்லம்மா, சோத்துக்கு வராத புருஷன இட்டுனு போக வந்தாங்கன்னு சொல்லச் சொல்றியா?"

"அதான நடந்துச்சி."

"நடந்தத எவன்டா கேக்கறான்?" என் முகத்தைப் பார்த்தான். "ஆஸ்பத்திரின்னு நான் சொல்லல. அது அதுங்களா சேத்துக்கினதுங்க. தங்கச்சி இருந்தா, இதப் படிச்சி விழுந்து விழுந்து சிரிச்சிருக்கும்."

"இருந்தா எழுதியிருக்க மாட்டாங்க."

பின்னாலிருந்து சிராஜுதீன் கேட்டார். "டேய், எக்கோவப் பத்தி எதுனா போட்டுகிறாங்களா?"

"ஒரு வார்த்த இல்ல அத்தா."

"அடப்பாவிங்களா. அதாண்டா பாட்டே."

ஃபரீத் ஒரு காகிதத்தை எடுத்துவந்து கொடுத்தான். கம்பெனி அனுப்பிய ஒப்புதல் கடிதம். இளவரசியின் குரலை ஒரு விளம்பரத்தில் பயன்படுத்தக் கணவர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பக்கம். இரண்டாவது பக்கத்தில் "மேற்படி பதிவு காலஞ்சென்ற இளவரசியின் இறுதி வார்த்தைகள் என்பதை உறுதி செய்கிறேன்" என்று ஒரு வரி இருந்தது. திங்கட்கிழமைக்குள் வேண்டுமாம்.

"போட்டுட்றா கலை. யாருக்கு இன்னா நஷ்டம்? ஊர் ஊரா கரண்ட் கம்பத்துல ஏறினு இருந்தோம், மொதல் தடவையா எவனோ நம்மளத் தேடி வரான். தங்கச்சிக்கும் பேருதான?"

படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"படிச்சிட்டதான இப்போ?"

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கு கஸ்தூரி போன் செய்தார். என் மாமியார். பாகூரில் தனியாக இருக்கிறார். பால் சொசைட்டியில் பால் அளக்கும் வேலை. எப்போதும் போனை எடுத்ததும் "சாப்ட்டீங்களா மாப்ள" என்றுதான் ஆரம்பிப்பார். அன்றைக்கு அது இல்லை.

"கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றார். வைத்துவிட்டார்.

எதற்கு என்று எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்து நிவேதாவுக்கு மெயில் எழுதினேன். அந்தப் பேச்சு போன வருஷம் மார்ச் மாதம் குடோனில் பதிவானது, இறுதி வார்த்தை அல்ல, அந்த வரியை எடுத்துவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன், எடுக்காவிட்டால் இல்லை. நான்கு வரி. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தாள். பக்கத்தைத் திருத்திவிடுவதாகவும், ஆனால் ஏற்கெனவே பரவிவிட்டதை ஒன்றும் செய்ய முடியாது என்றும், அந்தக் கதை இல்லாமல் விளம்பரக்காரர்கள் சம்மதிப்பார்களா தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி. "அப்படியானால் அவர் உண்மையில் கடைசியாக என்ன சொன்னார் என்று பகிர்ந்துகொள்ள முடியுமா? விருப்பம் இருந்தால் மட்டும்."

பதில் எழுதவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஏம்பலம் வழியாகப் போனால் பாகூருக்கு முக்கால் மணி நேரம். ரோடு பாதி தோண்டிக் கிடந்தது. ஏரியில் தண்ணீர் இல்லை. கஸ்தூரி வாசலில் நிற்கவில்லை. உள்ளே போனேன். ஒரு சொம்புத் தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டுச் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். சுவரில் இளவரசியின் போட்டோ. டி.பார்ம் முடித்தபோது எடுத்தது.

கஸ்தூரியிடம் இருப்பது பட்டன் போன். கையில் வேறொரு போன் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பிரவீணாவுடையது. எதை அழுத்த வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறார். அழுத்தினார். அறிவிப்பு ஓடியது. சிரிப்பு வந்ததும் நிறுத்தினார். கிட்டாருக்கு விடவில்லை.

"இது எப்போ பேசினது?"

"போன வருஷம் மார்ச்சுல அத்தை. குடோன்ல."

"அதுல வேற மாதிரி போட்டுகீதே. பிரவீணா படிச்சிக் காட்டுச்சி. ஆஸ்பத்திரியில பேசினதாம். கடைசியா பேசினதாம்."

"தப்பா போட்டுட்டாங்க. எடுக்கச் சொல்லி எழுதியிருக்கேன்."

"தப்பா எப்படிப் போடுவாங்க? யாரும் சொல்லாமலா?"

"ஃபரீத் சொல்லிட்டான்."

"அவரு அங்க இருந்தாரா?"

"இல்ல."

"அப்போ யார் இருந்தது?"

"நான்தான்."

அவர் தலையசைத்தார். கேட்க நினைத்ததை வரிசைப்படுத்தி வைத்திருந்தார் என்று தெரிந்தது.

"பதினாறாம் நாளு இதே எடத்துல ஒக்காந்துதான் கேட்டேன். கடைசியா எதுனா சொன்னாளா மாப்ளன்னு. ஒண்ணும் சொல்லல அத்தை, தூங்கினே போய்ட்டான்னு சொன்னீங்க. சரி, வலி தெரியாம பூட்டா எம் பொண்ணுன்னு நானும் அதயே சொல்லிகினு இருந்தேன், சொசைட்டியில கேக்கறவங்களுக்கெல்லாம். இப்போ அவளுங்க இந்த போனத் தூக்கினு வந்து, இன்னா கஸ்தூரி, வூட்டுக்கு வா வூட்டுக்கு வான்னு புருஷன கூப்புட்டுனு இருந்துகீறா, அந்த ஆளு எங்க போயிருந்தாருன்னு கேக்கறாளுங்க. நான் இன்னா சொல்லட்டும்? ஊருக்கே சொல்லிகிறீங்க. எனக்குச் சொன்னா இன்னா கொறஞ்சி பூடும்?"

"ஊருக்கு நான் எதுவும் சொல்லல அத்தை."

"எனக்கும் சொல்லல."

சொம்பை எடுத்துக் குடித்தேன்.

வெளியே யாரோ சைக்கிளில் கோலமாவு விற்றுக்கொண்டு போனார். ரெக்கார்ட் செய்த குரல். அதிலும் எக்கோ இருந்தது. அவர் தெருவைத் தாண்டினார்.

பிறகு கஸ்தூரி வேறு மாதிரிக் குரலில் பேசினார். சத்தம் இல்லாமல்.

"நான் இன்னாத்துக்குக் கேக்கறேன்னு தெரியுமா உங்களுக்கு? மூணு நாளு ராவும் பகலும் அவ பக்கத்துலயே இருந்தேன். அன்னிக்கிக் காலைல நீங்க அஞ்சு மணிக்கு வந்தீங்க. ஜொரம் வுட்டுப்போச்சி, நல்லா பேசினு இருந்தா. நான் எங்க போறேன்னேன்? போவணும்னு எனக்கு ஆச இல்ல. அவதான் தொரத்தினா. 'கெளம்புமா, மூணு நாளா குளிக்கல நீ, நாறுது. குளிச்சிட்டு வர வரைக்கும் கிட்டக்க வராத'ன்னா. மூக்க வேற பொத்திகினா. அதுக்குத்தான் ஆறு மணி பஸ்ஸ புடிச்சேன். தவளக்குப்பம் தாண்டறதுக்குள்ள உங்க போனு."

போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"எங்கிட்ட அவ சொன்ன கடைசி வார்த்த அது. நாறுது, கிட்டக்க வராத. யார்கிட்டனா சொல்லிக்க முடியுமா மாப்ள இத? அதான் உங்களக் கேட்டேன். அதுக்கப்புறம் உங்ககிட்டயாவது எதுனா சொல்லியிருப்பா, அத வச்சிக்கலாம்னு. நீங்க ஒண்ணுமில்லன்னுட்டீங்க."

ஒன்பது மாதமாக எனக்கு இது தெரியாது. அவர் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பதினாறாம் நாள் அந்தக் கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் சொல்கிற மாதிரி என்னிடம் ஒன்றும் இல்லை. தூங்கிக்கொண்டே போய்விட்டாள் என்பது சொல்ல எளிதாக இருந்தது. சொன்ன பிறகு அதை மாற்ற முடியவில்லை.

"தூங்கல அத்தை" என்றேன். "முழிச்சிகினுதான் இருந்தா."

கஸ்தூரி நிமிர்ந்தார்.

"நீங்க போன அப்புறம் ரிப்போர்ட்ட வாங்கி அவளே படிச்சா. பிளேட்லெட் எவ்ளோன்னு பாத்தா. எங்கிட்ட சொல்லல. மடிச்சி தலகாணிக்கு அடியில வச்சிகினா. அப்புறம் நான் வெளிய போனேன். பாத்ரூமுக்கு."

"எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிஷம் இருக்கும். மூஞ்சி கழுவினேன். தல சீவினேன். அவசரப்படல. அவசரப்பட எதுவும் இல்லன்னு நெனச்சேன். திரும்பி வந்தப்போ திரை போட்டிருந்தாங்க. நாலஞ்சு பேர் உள்ள இருந்தாங்க. என்ன உள்ள விடல."

"கூட யாரும் இல்லியா அவளுக்கு?"

"நர்ஸ் இருந்துச்சி. பேச்சு மூச்சு இல்லாம ஆயிட்டான்னு அதுதான் ஓடிப்போய் டாக்டர கூட்டினு வந்திருக்கு."

அவர் அழவில்லை. நானும் அழவில்லை. தரையில் கையை ஊன்றி இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

"போவாம இருந்திருக்கலாமில்ல" என்றார். குற்றம் சொல்வது போல இல்லை. தனக்கும் சேர்த்துச் சொல்வது போல இருந்தது.

"இருந்திருக்கலாம். எனக்கும் போவணும்னு இல்ல. அவதான் அனுப்பினா."

"உங்களையுமா?"

"ஆமா."

"இன்னான்னு சொல்லி?"

நான் போட்டோவைப் பார்க்கவில்லை. கஸ்தூரியைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் சொன்ன வேகத்திலேயே, ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல்.

"'சட்டைய உள்பக்கம் வெளிய போட்டுனு வந்துகீற. நர்ஸுங்கல்லாம் பாத்துச் சிரிக்குதுங்க. மானத்த வாங்காத, போய் திருப்பிப் போட்டுனு வா.'"